லைப்ரரி கிடைக்காமல் நிற்கும் புரோகிராம்: ஆறு தீர்வுகளில் உங்களுக்கு எது?

லினக்ஸில் ஒரு புரோகிராமை ஓட்டுகிறீர்கள். ஷேர்டு லைப்ரரியை (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்பை) ஏற்ற முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை என்று ஒரே வரியைக் காட்டிவிட்டு, 127 என்ற எண்ணைத் திருப்பித் தந்து நின்றுவிடுகிறது. அந்த வரியைத் தேடிப் பார்த்தால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். பேக்கேஜை நிறுவு, எல்டிகான்ஃபிக் ஓட்டு, எல்டி_லைப்ரரி_பாத் வை, பேட்ச்எல்ஃப் போடு, சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் பெயர்) போடு, கண்டெய்னருக்குள் (தன் லைப்ரரிகளோடு தனித்து இயங்கும் சூழலுக்குள்) வைத்து ஓட்டு.

இந்த ஆறுமே பெரும்பாலான நேரம் பலிக்கும். புரோகிராம் அப்போதைக்குத் திறந்துவிடும். அதனால்தான் தேர்வு கடினமாகிறது. தவறான வழியை எடுத்திருந்தால் அது அன்றைக்குத் தெரியாது. கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கருவியில்) போட்ட வேலை நள்ளிரவில் விழும்போதோ, அடுத்த அப்டேட்டுக்குப் பிறகு சம்பந்தமே இல்லாத வேறொரு புரோகிராம் உடையும்போதோதான் தெரியும்.

குறை எவ்வளவு அகலமோ தீர்வும் அவ்வளவு அகலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. ஒரே ஒரு புரோகிராமுக்கு ஒரு கோப்பு கிடைக்கவில்லை என்பதற்காக இயந்திரத்தில் உள்ள எல்லாப் புரோகிராம்களின் தேடும் பாதையையும் மாற்றக் கூடாது.

கட்டளைகளும் பாதைகளும் இங்கே ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் உள்ளன. டெர்மினலில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் இடவும். சூழல் மாறிகளின் பெயர்களும், பின்னால் வரும் $ஒரிஜினும் சிமேக் மாறியும் முழுக்கப் பெரிய எழுத்தில் வரும். பேக்மேன் -எஃப், சூடோ -இ ஆகியவற்றில் ஆப்ஷன் எழுத்தும் பெரியது.

## தேர்வுக்கு முன்: லோடர் எங்கே தேடுகிறது

புரோகிராம் தொடங்கும்போது லைப்ரரிகளைத் தேடி ஏற்றுவது லோடரின் வேலை. ஜிலிப்சி (உபுண்டு, டெபியன் போன்ற பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களின் அடிப்படை சி லைப்ரரி) உள்ள 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் அது /லிப்64 டைரக்டரியில் எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2 என்ற பெயரில் இருக்கும். அது தேடும் வரிசை இது:

1. பைனரிக்குள் (கம்பைல் செய்த புரோகிராம் கோப்புக்குள்) எழுதப்பட்ட ஆர்பாத், அதாவது லைப்ரரிகளைத் தேடும் பாதை. ரன்பாத் இல்லாதபோது மட்டுமே இது பார்க்கப்படும்.
2. எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறி. தேட வேண்டிய டைரக்டரிகளை இதில் எழுதலாம்.
3. பைனரிக்குள் எழுதப்பட்ட ரன்பாத், அதாவது ஆர்பாத்தின் புதிய வகை.
4. /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கேஷ் என்ற, லைப்ரரிகளின் இடங்களைக் குறித்து வைத்த கேஷ் கோப்பு. இதை உருவாக்குவது எல்டிகான்ஃபிக்.
5. /லிப், /யுஎஸ்ஆர்/லிப் போன்ற இயல்பான டைரக்டரிகள்.

கம்பைல் செய்யும்போது கொடுத்த பெரிய "எல்" ஆப்ஷன் இந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது லிங்க் செய்யும் (துண்டுகளை இணைத்துப் பைனரி ஆக்கும்) நேரத்துக்கு மட்டுமே உரியது. "லிங்க் ஆனது, ஓட மாட்டேன் என்கிறது" என்ற புலம்பல் பல நேரம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

எந்தக் கோப்பு இல்லை என்று பார்க்க எல்டிடி கட்டளையைப் பயன்படுத்தி, "கிடைக்கவில்லை" என்று வரும் வரிகளைப் பாருங்கள். நம்பகமில்லாத இடத்திலிருந்து வந்த பைனரியில் மட்டும் எல்டிடி வேண்டாம். சில சூழல்களில் அது அந்தப் புரோகிராமையே ஓட்டிவிடக்கூடும். அதற்குப் பதில் ரீட்எல்ஃப் -டி போதும். எந்தெந்த லைப்ரரி வேண்டும், ஆர்பாத்தோ ரன்பாத்தோ உள்ளதா என்று எதையும் ஓட்டாமலே அது காட்டிவிடும். புரோகிராம் ஓடத் தொடங்கியபின் ஏற்றப்படும் ப்ளகின்களை எல்டிடி காட்டாது. அங்கே எல்டி_டீபக்=லிப்ஸ் என்று முன்னால் சேர்த்து ஓட்டினால், லோடர் தட்டிப் பார்த்த ஒவ்வொரு கதவும் வரிசையாக அச்சாகும்.

கீழே உள்ள வழிகளில் பெரும்பாலானவற்றுக்கு அடங்காத, ஆனால் அதே முகத்தோடு வரும் மூன்று குறைகள் உண்டு. முதலில் இவற்றைக் கழித்துவிடுங்கள்.

பிட் அளவு பொருந்தாமை. பைனரி கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் அந்தப் பைனரியே இல்லை என்று ஷெல் சொல்கிறது. 32 பிட் பைனரியாக இருந்து, அதற்கான லோடர் நிறுவப்படாமல் இருந்தால் இப்படி வரும். ஃபைல் கட்டளை எத்தனை பிட் என்று சொல்லிவிடும். டெபியன், உபுண்டுவில் டிபிகேஜி மூலம் ஐ386 ஆர்க்கிடெக்சரைச் சேர்த்து, லிப்சி6:ஐ386 பேக்கேஜை நிறுவ வேண்டும்.

ஜிலிப்சி பதிப்புக் குறைவு. "ஜிலிப்சி_2.34 கிடைக்கவில்லை" என்று வந்தால் லைப்ரரி இருக்கிறது, பழையதாக இருக்கிறது. உபுண்டு 20.04-இல் இருப்பது 2.31, 22.04-இல் 2.35, 24.04-இல் 2.39, ரெட்ஹாட் 8-இல் 2.28, ரெட்ஹாட் 9-இல் 2.34. வேறொரு இயந்திரத்திலிருந்து ஜிலிப்சியின் லிப்சி கோப்பை நகலெடுத்து எல்டி_லைப்ரரி_பாத்தில் வைப்பது மிக ஆபத்தானது. லோடரும் லிப்சியும் ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டும். மாறினால் எல்எஸ் கட்டளைகூட அந்த ஷெல்லில் விழும். பழைய விநியோகத்தில் கம்பைல் செய்வது, அல்லது கண்டெய்னர், இந்த இரண்டுதான் வழி.

அனுமதி. ரூட் (நிர்வாகி) பயனரின் யூமாஸ்க் (புதிய கோப்புகளின் அனுமதியைக் குறைக்கும் அமைப்பு) 077 ஆக இருக்கும்போது நிறுவிய லைப்ரரிகளை ரூட் மட்டுமே படிக்க முடியும். சூடோ (ரூட் உரிமையில் ஓட்டும் கட்டளை) போட்டால் ஓடும், இல்லாவிட்டால் லைப்ரரி கிடைக்காது. இந்த அறிகுறி தெரிந்தால் கோப்பை மட்டும் பார்த்து நிறுத்தாமல், மேலே உள்ள ஒவ்வொரு டைரக்டரியின் அனுமதியையும் பாருங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

- வீச்சு: மாற்றம் ஒரு ப்ராசஸைத் தொடுகிறதா, ஒரு புரோகிராமையா, முழு இயந்திரத்தையா?
- உரிமை: ரூட் வேண்டுமா?
- நிலைப்பு: கிரான், சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிர்வகிப்பது), சூடோ வழியாக ஓட்டினாலும் செல்லுமா?
- பாதுகாப்புத் திருத்தம்: லைப்ரரியில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்கும் பொறுப்பு யாருடையது?
- நகர்த்தல்: வேறு இயந்திரத்துக்கோ வேறு டைரக்டரிக்கோ கொண்டு போனால் ஓடுமா?
- தவறினால்: உடைவது உடனே தெரியுமா, மறைந்திருந்து வருமா?

நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் (ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் இருந்த ஓட்டை) வெளியானபோது, விநியோகத்தின் ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜை நம்பியிருந்த சர்வர்களில் ஒரு அப்டேட்டும் சேவைகளை மறுதொடக்கம் செய்வதும் போதுமானதாக இருந்தன. தனக்கென ஒரு நகலை உள்ளே வைத்திருந்த புரோகிராம்கள் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்துத் தனித்தனியே மாற்ற வேண்டியிருந்தது.

## 1. விநியோகத்தின் பேக்கேஜை நிறுவுவது

கிடைத்தால் இதுவே முதல் தேர்வு. மற்ற ஐந்தையும் இது கிடைக்காதபோதுதான் எண்ண வேண்டும். திருத்தங்களை விநியோகமே அனுப்பும், கிரானும் சிஸ்டம்டியும் கேள்வி கேட்காமல் ஏற்கும், வேண்டாமென்றால் நீக்கிவிடலாம்.

கோப்பின் பெயரிலிருந்து பேக்கேஜின் பெயரைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. டெபியன், உபுண்டுவில் ஆப்ட்-ஃபைல் நிறுவி, ஒருமுறை அப்டேட் செய்துவிட்டு, ஆப்ட்-ஃபைல் சர்ச் என்பதோடு கோப்பின் பெயரை இடுங்கள். ஃபெடோரா, ரெட்ஹாட், ராக்கியில் டிஎன்எஃப் புரொவைட்ஸ். ஆர்ச்சில் பேக்மேன் -எஃப்.

பைத்தானில் ஓப்பன்சிவி (படங்களை ஆராயும் லைப்ரரி) பயன்படுத்துவோர், டாக்கர் என்ற கண்டெய்னர் கருவியின் சிறிய இமேஜ்களில் அடிக்கடி சந்திப்பது லிப்ஜிஎல்.எஸ்ஓ.1 இல்லை என்ற செய்தி. பழைய குறிப்புகள் லிப்ஜிஎல்1-மெசா-ஜிஎல்எக்ஸ் பேக்கேஜை நிறுவச் சொல்லும். உபுண்டு 24.04-இல் அந்தப் பெயர் இல்லை, லிப்ஜிஎல்1 என்று கேட்க வேண்டும். திரையே இல்லாத சர்வர் என்றால் ஓப்பன்சிவியின் ஹெட்லெஸ் பதிப்பை நிறுவினால் அந்த லைப்ரரியே தேவைப்படாது. தேவையை நீக்குவதும் ஒரு தீர்வுதான் என்பதை மறக்க வேண்டாம்.

பெயரின் கடைசியில் "-டெவ்" அல்லது "-டெவெல்" என்று வரும் பேக்கேஜ் கம்பைல் செய்பவருக்கானது. ஓட்டுவதற்கு அது வேண்டியதில்லை. கம்பைலின்போது லிங்கர் "கிடைக்கவில்லை" என்று சொன்னால்தான் டெவ் பேக்கேஜ். இரண்டு செய்திகளும் ஒன்றுபோல் தோன்றுவதால் பலர் இதில் தடுமாறுகிறார்கள்.

மறைந்த செலவு: புரோகிராம் கேட்கும் பதிப்பு விநியோகத்தில் இல்லாமல் போவது. உபுண்டு 22.04 ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறியபோது லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 போய்விட்டது. 20.04-க்கான டெப் கோப்பை இறக்கி டிபிகேஜியால் நிறுவுவது பரவலான பழக்கம். கோப்புப் பெயர் வேறு என்பதால் புதியதோடு மோதாது, ஓடவும் செய்யும். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-இல் முடிந்தது, உபுண்டு 20.04-இன் வழக்கமான ஆதரவும் 2025-இல் முடிந்தது. நிறுவியது பேக்கேஜ்போல் தோன்றும், திருத்தம் மட்டும் வராது. ரெட்ஹாட் 9-இல் இதற்கென்றே காம்பேட்-ஓப்பன்எஸ்எஸ்எல்11 என்ற பேக்கேஜ் உண்டு. இப்படி விநியோகமே தரும் காம்பேட் பேக்கேஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும்.

## 2. எல்டிகான்ஃபிக் மூலம் டைரக்டரியைச் சேர்ப்பது

சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து, மேக் இன்ஸ்டால் கொடுத்து, லைப்ரரி /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் டைரக்டரியில் போய் அமர்ந்திருக்கிறது. புரோகிராம் ஓடவில்லை. டெபியன், உபுண்டுவில் அந்த டைரக்டரி ஏற்கெனவே பட்டியலில் உள்ளது, கேஷ் மட்டும் புதுப்பிக்கப்படவில்லை. சூடோ எல்டிகான்ஃபிக் என்று ஒருமுறை ஓட்டினால் முடிந்தது. ஃபெடோரா, ரெட்ஹாட் குடும்பத்தில் அந்த டைரக்டரி இயல்பாகப் பட்டியலில் இருப்பதில்லை. அங்கே:

1. /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி டைரக்டரியில், ".கான்ஃப்" என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்குங்கள்.
2. லைப்ரரி உள்ள டைரக்டரியின் முழுப் பாதையை ஒரே வரியில் எழுதுங்கள்.
3. சூடோ எல்டிகான்ஃபிக் ஓட்டுங்கள்.
4. எல்டிகான்ஃபிக் -பி கொடுத்து, வெளியீட்டில் அந்த லைப்ரரியின் பெயர் வருகிறதா என்று க்ரெப் செய்யுங்கள்.

நான்காவது படியில் பெயர் வராவிட்டால் கோப்பின் பிட் அளவையும், கோப்பு முழுமையாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். "சிம்பாலிக் லிங்க் அல்ல" என்ற எச்சரிக்கை வந்தால், நகலெடுக்கும்போது லிங்க்குகள் முழுக் கோப்புகளாக மாறிவிட்டன என்று பொருள். என்விடியாவின் குடிஎன்என் லைப்ரரியைக் கையால் நகலெடுப்பவர்களுக்கு இது பழக்கமான எச்சரிக்கை. சிபி -ஏ என்று நகலெடுத்தால் லிங்க்குகள் லிங்க்குகளாகவே இருக்கும்.

மறைந்த செலவு: வீச்சு. இந்த மாற்றம் இயந்திரத்தில் ஓடும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். டெபியனில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப்பில் உள்ளது சிஸ்டத்தின் லைப்ரரியை முந்திக்கொள்ளும். சோதனைக்காகக் கம்பைல் செய்த லிப்கர்ல்.எஸ்ஓ.4 அங்கே கிடந்தால், சிஸ்டத்தின் கர்ல் கட்டளை அதையே எடுத்து, "பதிப்புத் தகவல் இல்லை" என்று ஒவ்வொரு முறையும் முணுமுணுக்கும். அது எச்சரிக்கையோடு போனால் நல்ல நேரம். லிப்எஸ்டிடிசி++ (சி++ மொழியின் அடிப்படை லைப்ரரி), லிப்எஸ்எஸ்எல் போன்றவற்றில் புரோகிராம்களே விழத் தொடங்கும், விழுவதற்கும் நீங்கள் செய்ததற்கும் உள்ள தொடர்பு யாருக்கும் தெரியாது.

ஆகவே விநியோகத்தில் இல்லாத பெயருடைய, பல புரோகிராம்கள் பகிர வேண்டிய லைப்ரரிக்கு எல்டிகான்ஃபிக் நல்லது. சிஸ்டத்தில் ஏற்கெனவே உள்ள பெயரோடு மோதும் லைப்ரரியை /ஆப்ட் என்ற டைரக்டரியின் கீழ் தனியே நிறுவி, எல்டிகான்ஃபிக் கண்ணில் படாமல் வைத்து, கீழே நான்காவதாக வரும் ரன்பாத் வழியில் போங்கள்.

அல்பைன் லினக்ஸில் இந்தப் பகுதி முழுவதும் செல்லாது. அங்கே இருப்பது மஸ்ல் என்ற வேறொரு சி லைப்ரரி, அதற்கு இப்படி ஒரு கேஷ் கிடையாது. ஜிலிப்சிக்காகக் கம்பைல் செய்த பைனரியை அல்பைனில் போட்டுவிட்டு லைப்ரரியைத் தேடுவது வீண் உழைப்பு. டெபியனின் ஸ்லிம் இமேஜுக்கு மாறுவது விரைவானது.

## 3. எல்டி_லைப்ரரி_பாத்

மிக அதிகம் பரிந்துரைக்கப்படுவதும், மிக அதிகம் துன்பம் தருவதும் இதுதான். இதன் நல்ல பக்கம்: ரூட் வேண்டாம், எதையும் மாற்றி எழுத வேண்டாம், ஒரே கட்டளைக்கு முன்னால் சேர்த்துச் சோதிக்கலாம். எந்த டைரக்டரியில் எடுத்தால் ஓடுகிறது என்று கண்டறிய இதைவிட நல்ல கருவி இல்லை. சோதனை முடிந்ததும் அதை, ஷெல் தொடங்கும்போது படிக்கும் .பாஷ்ஆர்சி கோப்பில் நிரந்தரமாக எழுதுவதில்தான் தவறு தொடங்குகிறது.

முதல் சிக்கல், பரம்பரை. மாறியை ஏற்றுமதி செய்தால் அந்த ஷெல்லிலிருந்து பிறக்கும் எல்லா ப்ராசஸும் அதைப் பெறும். ஒரு வணிக மென்பொருள் தன் டைரக்டரியில் பழைய லிப்எஸ்டிடிசி++ வைத்திருக்கும். அதை மாறியில் சேர்த்த பிறகு, அந்த டெர்மினலில் திறக்கும் எடிட்டரோ பிரௌசரோ "ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ் கிடைக்கவில்லை" என்று விழும். அனகோண்டாவின் லிப் டைரக்டரியை மாறியில் சேர்ப்பவர்களுக்கும் இதே கதிதான்.

இரண்டாவது, அது போய்ச் சேராத இடங்கள். கிரான் உங்கள் .பாஷ்ஆர்சியைப் படிப்பதில்லை. சிஸ்டம்டியும் படிப்பதில்லை, அங்கே சர்வீஸ் கோப்பில் என்விரான்மென்ட் வரியாக எழுத வேண்டும். சூடோ -இ கொடுத்தாலும் இந்த மாறி கடந்து போகாது. சூடோ என்பதே செட்யுஐடி புரோகிராம் (ஓட்டுபவரின் உரிமையில் அல்லாமல் கோப்பின் உரிமையாளரின் உரிமையில் ஓடுவது), அது தொடங்கும்போதே லோடர் இந்த மாறியை அழித்துவிடுகிறது. சூடோ என்வ் என்று எழுதி, அதன் பின்னால் மாறியையும் புரோகிராமையும் தர வேண்டும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி. பழைய மதிப்பின் முன்னால் புதிய பாதையைச் சேர்த்து நடுவில் முக்காற்புள்ளி இடுவது வழக்கம். பழைய மதிப்பு காலியாக இருந்தால் கடைசியில் வெறும் முக்காற்புள்ளி மிஞ்சும். காலியான பகுதியை "இப்போது நிற்கும் டைரக்டரி" என்று லோடர் எடுத்துக்கொள்ளும். யாரோ எழுதக்கூடிய டைரக்டரியில் நின்று கட்டளை கொடுத்தால், அங்கே வைக்கப்பட்ட லைப்ரரி உங்கள் உரிமையோடு ஓடும். இது உண்மையான பாதுகாப்பு ஓட்டை. பழைய மதிப்பு இருந்தால் மட்டும் முக்காற்புள்ளி சேர்க்கும் ஷெல் வடிவத்தை, அதாவது நெளிவு அடைப்புக்குள் முக்காற்புள்ளியும் கூட்டல் குறியும் வரும் வடிவத்தை, பயன்படுத்துங்கள்.

மாற்ற முடியாத பைனரிக்கு இந்த மாறிதான் ஒரே வழி என்றால், சிறிய ராப்பர் ஸ்கிரிப்ட் எழுதுங்கள். அதற்குள் மாறியை வைத்து, எக்ஸெக் மூலம் உண்மையான புரோகிராமை ஓட்டுங்கள். வீச்சு அந்தப் புரோகிராமோடும் அது பெற்றெடுக்கும் ப்ராசஸ்களோடும் அடங்கிவிடும். அந்தப் பிள்ளைகளுக்கும் போகக் கூடாது என்றால், அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வழி உண்டு. லோடரையே நேரடியாக அழைத்து, --லைப்ரரி-பாத் என்ற ஆப்ஷனில் டைரக்டரியையும் அதன்பின் புரோகிராமின் பாதையையும் கொடுக்கலாம். சூழல் மாறி எதுவும் உருவாகாததால் பிள்ளைகளுக்குப் போக ஒன்றுமில்லை. ஒரு குறை: தன் சொந்த இடத்தை /ப்ராக்/செல்ஃப்/எக்ஸி மூலம் கண்டுபிடிக்கும் புரோகிராம்களுக்கு அங்கே லோடரின் பாதைதான் தெரியும், அவை குழம்பும்.

## 4. பைனரிக்குள் ரன்பாத் எழுதுவது

நீங்களே கம்பைல் செய்யும் புரோகிராமுக்கு, அல்லது லைப்ரரிகளோடு சேர்த்துப் பிறருக்குக் கொடுக்கும் புரோகிராமுக்கு, இதுவே சரியான இடம். தன் லைப்ரரி எங்கே என்ற தகவல் புரோகிராமுக்குள்ளேயே இருக்கும். வேறு எதையும் தொடாது, எங்கிருந்து ஓட்டினாலும் செல்லும்.

லிங்க் செய்யும்போது லிங்கருக்கு ஆர்பாத் ஆப்ஷனைக் கொடுத்தால் போதும். டெபியன், உபுண்டுவில் அது இயல்பாக ரன்பாத்தாகப் பதிவாகும். முழுப் பாதையை எழுதாமல் $ஒரிஜின் என்று எழுதுவது நல்லது. பைனரி இருக்கும் டைரக்டரி என்று அதற்குப் பொருள். $ஒரிஜின்/../லிப் என்று எழுதினால் பின் டைரக்டரியின் பக்கத்தில் உள்ள லிப் டைரக்டரியில் தேடும், முழு மரத்தையும் எங்கே தூக்கிப்போனாலும் ஓடும். ஷெல்லில் இதை ஒற்றை மேற்கோளுக்குள் இட வேண்டும், மேக்ஃபைலில் டாலர் குறியை இரட்டிக்க வேண்டும். மேற்கோள் இல்லாவிட்டால் ஷெல் அதைத் தன் மாறி என்று எடுத்துக் காலியாக்கிவிடும், பைனரியில் வெறும் /../லிப்தான் பதிவாகும். கம்பைலுக்குப் பின் ரீட்எல்ஃப் -டி மூலம் கட்டாயம் சரிபாருங்கள்.

சிமேக்கில் (கம்பைல் வேலையை அமைக்கும் கருவியில்) ஒரு பொறி உண்டு. பில்ட் டைரக்டரியிலிருந்து ஓட்டினால் புரோகிராம் ஓடும், இன்ஸ்டால் செய்தபின் ஓடாது. பில்டின்போது சேர்த்த ஆர்பாத்தை இன்ஸ்டால் செய்யும்போது சிமேக் நீக்கிவிடுவதே காரணம். சிமேக்_இன்ஸ்டால்_ஆர்பாத் மாறியில் $ஒரிஜின்/../லிப் என்று அமைத்தால் சரியாகும்.

சோர்ஸ் இல்லாத பைனரிக்கு பேட்ச்எல்ஃப் --செட்-ஆர்பாத். நிக்ஸ்ஓஎஸ் திட்டத்திலிருந்து வந்த கருவி இது. ஓட்டுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். தன் செக்சம்மைத் தானே சோதிக்கும் வணிக மென்பொருள்கள் மாற்றத்துக்குப் பின் ஓட மறுக்கும். அடுத்த அப்டேட்டில் பைனரி மாற்றி எழுதப்படும்போது நீங்கள் எழுதியதும் போய்விடும், ஆகவே அப்டேட்டுக்குப் பின் மீண்டும் ஓட்ட ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும். பழைய சிஆர்பாத் கருவியால் ஏற்கெனவே உள்ள பாதையின் நீளத்துக்குள் மட்டுமே எழுத முடியும்.

ரன்பாத்தும் ஆர்பாத்தும் ஒன்றல்ல. இந்த வழியில் வருபவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். புரோகிராமுக்கு "அ" என்ற லைப்ரரி வேண்டும், "அ"வுக்கு "ஆ" வேண்டும், இரண்டும் ஒரே டைரக்டரியில் இருக்கின்றன என்று வையுங்கள். புரோகிராமில் உள்ள ரன்பாத் "அ"வைக் கண்டுபிடிக்க மட்டுமே உதவும். "ஆ"வைத் தேடும்போது லோடர் "அ"வின் ரன்பாத்தைப் பார்க்கும், அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் கிடைக்கவில்லை என்று சொல்லும். பழைய ஆர்பாத் அப்படியல்ல, கீழே உள்ள லைப்ரரிகளுக்கும் அது செல்லும். சரியான தீர்வு, நீங்கள் சேர்த்துக் கொடுக்கும் ஒவ்வொரு லைப்ரரியிலும் $ஒரிஜின் என்று ரன்பாத் எழுதுவது. பேட்ச்எல்ஃபில் --ஃபோர்ஸ்-ஆர்பாத் கொடுத்துப் பழைய வகையைக் கொண்டுவரலாம்தான். ஆனால் அதை எல்டி_லைப்ரரி_பாத்தால் மீற முடியாது என்பதால், பின்னால் சோதனை செய்பவரின் கையைக் கட்டிப்போடும்.

## 5. சிம்லிங்க்

லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 இல்லையா, லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3-ஐ அந்தப் பெயரில் காட்டு என்பார்கள். வேண்டாம். பெயரில் உள்ள எண் அலங்காரத்துக்காக வைத்ததல்ல. அழைப்பு முறை பொருந்தாமல் மாறியிருக்கிறது என்பதை அறிவிக்கவே லைப்ரரியை எழுதுபவர் அதை உயர்த்துகிறார். ஓப்பன்எஸ்எஸ்எல் தன் சிம்பல்களுக்கு (ஃபங்ஷன் பெயர்களுக்கு) பதிப்புப் பெயர் இட்டிருப்பதால் லோடர் உடனே மறுத்துவிடும், அது நல்லது. அந்தக் காப்பு இல்லாத லைப்ரரிகளில் புரோகிராம் ஓடும், ஒருநாள் தவறான நினைவகத்தில் எழுதும். படங்களையோ கணக்குகளையோ கையாளும் புரோகிராமில் இது தரவையே கெடுக்கும்.

இரண்டு இடங்களில் மட்டும் சிம்லிங்க் சரி. ஒன்று, முழுப் பதிப்பு எண்ணுள்ள கோப்பு இருக்கிறது, அதே லைப்ரரியின் எஸ்ஓநேம் லிங்க் (லோடர் கேட்கும் பெயரில் உள்ள லிங்க்) மட்டும் தொலைந்துவிட்டது. அதற்கும் கையால் போடாமல், எல்டிகான்ஃபிக் -என் என்பதோடு டைரக்டரியைக் கொடுத்தால் கேஷைத் தொடாமல் லிங்க்குகளை மட்டும் உருவாக்கும், உங்கள் சொந்த டைரக்டரிக்கு ரூட்கூட வேண்டாம். இரண்டு, உபுண்டு 24.04-இல் லிப்ஏஐஓ. நேரத்தைக் குறிக்கும் எண்ணை 64 பிட்டாக்கிய மாற்றத்தின்போது அதன் பெயர் லிப்ஏஐஓ.எஸ்ஓ.1டி64 என்று ஆனது. ஆரக்கிள் கிளையன்ட் பழைய பெயரைக் கேட்டு நிற்கும். 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் உள்ளே அழைப்பு முறை மாறவில்லை, ஆகவே பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் இடலாம்.

## 6. எல்லாவற்றையும் உள்ளே அடைப்பது: ஸ்டேட்டிக் லிங்க், ஆப்இமேஜ் (எல்லாம் ஒரே கோப்பில்), கண்டெய்னர்

பழைய விநியோகத்துக்காக எழுதப்பட்ட, இனி மாறாத புரோகிராமுக்குக் கண்டெய்னர் நல்ல வீடு. மறுபடி கம்பைல் செய்ய முடியாதபோது ஜிலிப்சி பதிப்பு மோதலையும் அது ஒன்றுதான் சுத்தமாகத் தீர்க்கும். பைத்தான் வீல்களுக்கு (நிறுவத் தயாரான பைத்தான் பேக்கேஜ்களுக்கு) ஆடிட்வீல் என்ற கருவி இதையே சிறிய அளவில் செய்கிறது, வேண்டிய லைப்ரரிகளைப் பெயர் மாற்றி வீலுக்குள் வைத்துப் பாதையை எழுதிவிடும்.

ஜிலிப்சியை ஸ்டேட்டிக்காக (பைனரிக்குள்ளேயே சேர்த்து) லிங்க் செய்வதில் கவனம் வேண்டும். பெயரிலிருந்து ஐபி முகவரி தேடுவது போன்ற வேலைகளுக்கு அது ஓடும்போதும் ஷேர்டு லைப்ரரிகளைத் தேடும், லிங்கரே எச்சரிக்கும். முழு ஸ்டேட்டிக் வேண்டுமென்றால் மஸ்ல் ஏற்றது. இந்த வழி எதிலும் பாதுகாப்புத் திருத்தம் முழுக்க உங்கள் தலையில். இமேஜை மாதம் ஒருமுறையாவது மறுபடி கட்டும் ஏற்பாடு இல்லாவிட்டால் இணையத்தைப் பார்த்து நிற்கும் சேவைக்கு இதை எடுக்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | வீச்சு | ரூட் | கிரான், சிஸ்டம்டி | திருத்தம் யார் பொறுப்பு | வேறு இயந்திரத்தில் |
|---|---|---|---|---|---|
| பேக்கேஜ் | முழு இயந்திரம் | வேண்டும் | செல்லும் | விநியோகம் | மீண்டும் நிறுவ வேண்டும் |
| எல்டிகான்ஃபிக் | முழு இயந்திரம் | வேண்டும் | செல்லும் | நீங்கள் | மீண்டும் அமைக்க வேண்டும் |
| எல்டி_லைப்ரரி_பாத், .பாஷ்ஆர்சியில் | ஷெல்லிலிருந்து பிறக்கும் எல்லாம் | வேண்டாம் | செல்லாது | நீங்கள் | மீண்டும் எழுத வேண்டும் |
| எல்டி_லைப்ரரி_பாத், ராப்பரில் | ஒரு புரோகிராமும் அதன் பிள்ளைகளும் | வேண்டாம் | செல்லும் | நீங்கள் | ராப்பரோடு போகும் |
| ரன்பாத், $ஒரிஜினோடு | ஒரே பைனரி | வேண்டாம் | செல்லும் | சேர்த்துக் கொடுப்பவர் | அப்படியே ஓடும் |
| சிம்லிங்க் | அந்தப் பெயரைக் கேட்கும் எல்லாம் | பெரும்பாலும் | செல்லும் | யாருமில்லை | போகாது |
| கண்டெய்னர் | அதற்குள் மட்டும் | அமைப்பைப் பொறுத்தது | செல்லும் | இமேஜைக் கட்டுபவர் | அப்படியே ஓடும் |

## தேர்வைத் தலைகீழாக்கும் ஒரு சூழல்

செட்யுஐடி உள்ள புரோகிராம்களிலும், செட்கேப் மூலம் உரிமை கொடுத்த புரோகிராம்களிலும், லோடர் பாதுகாப்பு முறைக்கு மாறுகிறது. அப்போது எல்டி_லைப்ரரி_பாத் மதிக்கப்படாது. $ஒரிஜின் வைத்து எழுதிய பாதையும் நம்பகமான டைரக்டரிகளுக்கு வெளியே செல்லாது. அதுவரை சிறந்ததாக இருந்த ரன்பாத் இங்கே கைவிடுகிறது.

443 போன்ற கீழ் எண் போர்ட்டில் ஜாவாவை ஓட்ட விரும்பி, ஜாவா பைனரிக்கு செட்கேப் கொடுத்ததும் லிப்ஜேஎல்ஐ.எஸ்ஓ கிடைக்கவில்லை என்று நிற்பது இதனால்தான். நேற்றுவரை ஓடியது, யாரும் லைப்ரரியைத் தொடவில்லை, இருந்தும் காணவில்லை. அந்த லைப்ரரி உள்ள டைரக்டரியை எல்டிகான்ஃபிக் பட்டியலில் சேர்த்தால் ஓடும். அதைவிட நல்லது, செட்கேப்பை நீக்கிவிட்டு, சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பில் ஆம்பியன்ட்கேபபிலிட்டீஸ் வரியில் அந்த உரிமையைக் கொடுப்பது. ஆம்பியன்ட் முறையில் வரும் உரிமை லோடரைப் பாதுகாப்பு முறைக்குத் தள்ளுவதில்லை. அந்தப் போர்ட்டைத் திறக்கும் உரிமையும், எந்தப் பயனர் ஓட்டினாலும் எல்லா ஜாவா புரோகிராம்களுக்கும் போகாமல், அந்த ஒரு சேவைக்கு மட்டும் கிடைக்கும்.

எந்த வழியை எடுத்தாலும் உங்கள் டெர்மினலில் ஓடிவிட்டது என்பதோடு நிறுத்தாதீர்கள். என்வ் -ஐ கொடுத்துச் சூழல் மாறிகள் இல்லாமல் ஒருமுறை, வேறொரு டைரக்டரியில் நின்று ஒருமுறை, உண்மையில் அதை ஓட்டப்போகும் பயனராக ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு எல்டி_டீபக்=லிப்ஸ் வைத்து, லோடர் கடைசியில் எந்தப் பாதையிலிருந்து அந்தக் கோப்பை எடுத்தது என்று பாருங்கள். நீங்கள் நினைத்த பாதையாக இல்லாவிட்டால், எங்கோ கிடக்கும் வேறொரு நகலால்தான் அது ஓடிக்கொண்டிருக்கிறது.